சராசரிக்குள் கரைந்துபோகும் புகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்லியின் புகைமூட்டப் படங்கள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம், எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், ஆண்டுக்கு இரண்டு பருவமழை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்குக் காற்று. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. காற்று மாசு மிகுந்த நகரங்களுக்காக 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரங்களில் தூத்துக்குடி, சென்னை, மதுரை, திருச்சி ஆகியவை உண்டு. நம் மாவட்டத்தின் எந்த ஊரும் இல்லை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விளவங்கோடு வட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள் என்ற முறையில், இந்த மாவட்டத்தின் நல்ல காற்று எல்லார் வீட்டு வாசலுக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்பதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் சராசரி என்ற கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைப்படி, 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைந்த அளவும் கொண்ட நுண்துகள்கள், 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு தெருவில் நாளின் 21 மணி நேரம் 20 மைக்ரோகிராமும், பக்கத்தில் அண்டி (முந்திரிக் கொட்டை) வறுக்கும் 3 மணி நேரம் மட்டும் 300 மைக்ரோகிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்தாம் இவை. கூட்டி 24ஆல் வகுத்தால் 55 வரும். 60க்குள் அடங்கிவிட்டதால் அந்தத் தெருவின் காற்று அன்றைக்குத் தேறிவிடும். ஆனால் அந்த 3 மணி நேரமும் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கர்ப்பிணியின் நுரையீரலுக்கு வகுத்தல் கணக்கு தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு அளவு 24 மணி நேரத்துக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 5 மைக்ரோகிராம் என்பதையும், நம் நாட்டின் ஆண்டு வரம்பு 40 என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரத்தைச் சராசரியாக்குவதைப் போலவே இடத்தையும் சராசரியாக்கிவிடுகிறோம். நாகர்கோவிலில் ஓர் அலுவலக வளாகத்தில் கருவியை வைத்து அளந்துவிட்டு, குலசேகரத்து ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுக்கு அருகில் குடியிருப்பவருக்கும் அதே எண்ணைச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்காரர்களுக்கு அண்டி ஆபீஸ் என்றால் விளக்கம் தேவையில்லை. மற்ற மாவட்டத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் தொழிற்கூடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு மேசையும் நாற்காலியும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உடைத்த பருப்பின் எடையை வைத்துக் கூலி. முந்திரியின் தோட்டுக்குள் (ஓட்டுக்குள்) இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருள்கள் உள்ளன. மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் புண்ணாவதையும், சேங்கொட்டை பட்ட தோல் கொப்பளிப்பதையும் நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். மா, சேங்கொட்டை, முந்திரி மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலைப் புண்ணாக்கிவிடும் குணமும் அவற்றுக்குப் பொதுவானது. கையுறை போட்டால் பருப்பு உடையாமல் எடுக்கும் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும் என்பதால், சாம்பலையோ எண்ணெயையோ கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வலது கை விரல்கள் ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவியில் அழுத்தினார். பிறகு இடது கை. விரல் நுனிகள் கறுத்து, பழைய பித்தளைப் பாத்திரத்தின் அடிப்பகுதி போல வழுவழுவென்று இருந்தன. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தும் கருவி ஏற்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியபோது, அவர் என் பக்கம் திரும்பி, “எனக்க ரேகை ஒக்க அண்டி ஆபீசில தேஞ்சு போச்சு சிஸ்டரே” என்று சிரித்தார். கடைக்காரர் நல்லவர், வேறு வழியில் பதிவு செய்து அரிசியைக் கொடுத்து அனுப்பினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரலில் பட்டதை எல்லாரும் பார்த்தோம். அதே எண்ணெய் வறுக்கும் சூட்டில் ஆவியாகிப் புகையோடு கலந்து முப்பது ஆண்டுகள் அவருடைய மூச்சுக்குழாய்க்குள் போனதை எந்தக் கருவியில் வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு, அத்தனை ஆண்டு அரசுப் பணியில் இருந்த எனக்கே விடை தெரியவில்லை.

அவரை நான் ஏற்கெனவே அறிவேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு மருத்துவமனைக்குப் போனபோது துணைக்குச் சென்றிருந்தேன். அங்கே கேட்டார்கள்: பீடி, சிகரெட் உண்டா? இல்லை. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இல்லை. சளிப் பரிசோதனை சரியாக இருந்தது. இருமல் மருந்தும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை எழுதுவதற்கு ஓ.பி. சீட்டில் இடம் கிடையாது. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாத பெண்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு விறகுப் புகையும் தொழிலிடப் புகையும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவ நூல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. கேட்கப்படாத கேள்வியால் நோய்க்குக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. காரணம் இல்லாவிட்டால் பொறுப்பேற்பவரும் இல்லை, இழப்பீடும் இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பழைய டிரம் வறுப்பு முறையை விட்டுவிட்டு நீராவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிய ஆலைகள் உண்டு. அங்கே கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் வெகுவாகக் குறைந்திருப்பதாக அங்கு வேலை செய்யும் பெண்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் உடைத்த தோடு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். அது கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் எரிபொருளாகப் போகிறது. எண்ணெயை முழுவதும் பிழியாத தோட்டை எரித்தால், ஆலைக்குள் அடக்கிய அதே காரப் புகை அடுத்த ஊரில் வேறொரு புகைக்கூண்டு வழியாக வெளியேறுகிறது. புகைபோக்கியை உயர்த்துவதும் ஓரளவு இப்படித்தான். பக்கத்து வீட்டின் புகையைப் பாதியாக்கி, இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்குப் பங்கு வைக்கிறோம்.

2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைவரை போய்விடும். அவற்றில் மிக நுண்ணியவை இரத்தத்துக்குள்ளும் கலக்கும். அதனால்தான் காற்று மாசு இருமலோடும் இழுப்போடும் நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த பிரசவம் வரை போகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 16.7 லட்சம் பேர் காற்று மாசு காரணமாக இறந்திருப்பார்கள் என்பது, உலக நோய்ச்சுமை ஆய்வை அடிப்படையாகக் கொண்டு லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான மதிப்பீடு. அதில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை வீட்டு அடுப்புப் புகையோடு தொடர்புடையவை.

வீட்டு அடுப்பைப் பற்றி நம் மாவட்டத்துக்கென்று ஒரு வினோதம் உண்டு. வெளிக்காற்றைக் கழுவிவிடும் அதே மழைதான் அடுக்களைக் காற்றைக் கெடுக்கிறது. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் ரப்பர் விறகு, தென்னை மட்டை, கொதும்பு, சிரட்டை எல்லாம் ஈரமாகிவிடும். ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். சாரல் உள்ளே அடிக்காமலிருக்கச் சன்னலையும் சாத்திவிடுவார்கள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் அதற்கு முன்பே மாநில அரசு கொடுத்த இலவச எரிவாயு இணைப்புகளாலும் பெரும்பாலான வீடுகளில் இன்று சிலிண்டர் இருக்கிறது என்பது மிகப் பெரிய மாற்றம். இருந்தும், நான் பார்த்த கூலி வீடுகளில் தேநீருக்கும் குழந்தைப் பாலுக்கும் கேஸ், சோற்றுக்கும் குளிக்க வெந்நீருக்கும் விறகு என்பதுதான் நடைமுறை. தோட்டத்தில் சும்மா கிடக்கும் மட்டை இருக்கும்போது அடுத்த சிலிண்டரை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்றுதான் வாரக் கூலிக்காரர் கணக்குப் போடுவார். காலையில் அடுக்களைப் புகை, பகலில் அண்டி ஆபீஸ் புகை, மாலையில் மறுபடியும் அடுக்களைப் புகை என்று மூன்று வேளையும் ஒரே பெண்ணின் நெஞ்சுக்குள்தான் போகிறது. தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்துவிடலாம்.

அடுத்து கனிமவள லாரிகள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாகக் கேரளத்துக்குப் பாறையும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளால் ஏற்படும் விபத்துகளைப் பற்றியும் சாலைச் சேதத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழ் உட்படப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தூசியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. என் வீடும் அப்படிப்பட்ட ஒரு சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. காலையில் துடைத்த திண்ணையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். வாசல் செம்பருத்தியின் இலைகளுக்குப் பச்சை நிறம் என்பது மழைக்காலத்தில் மட்டும்தான் தெரியும். நம் மலைப்பாறைகளில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் உண்டு. அதை உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கிளம்பும் மிக நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்தச் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டது. அந்நோய் வந்தவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது; எக்ஸ்-ரேயில் இரண்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் வளாகத்தை எங்கள் வயதுக்காரர்கள் இன்றும் டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவோம். அந்தக் காலத்தில் அங்கே படுத்துக்கிடந்த கல்லுடைக்கும் தொழிலாளர்களில் எத்தனை பேரின் நெஞ்சில் கிருமியோடு கல்லும் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பேன்.

லாரிகளுக்குப் பகலில் நேரக்கட்டுப்பாடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பள்ளிக் குழந்தைகள் சாலையைக் கடக்கும் நேரத்தில் அவை வரக் கூடாது. ஆனால் அதோடு விட்டுவிட்டால் லாரிகள் முழுவதும் இரவுக்கு மாறிவிடும். பகலில் கடற்காற்று அடிப்பதால் தூசியும் டீசல் புகையும் ஓரளவு கலைகின்றன. இரவில் காற்று ஓய்ந்து தரை குளிர்ந்துவிட்டால் புகை மேலே எழும்பாமல் வீட்டின் உயரத்திலேயே தேங்கி நிற்கும். சாலையோரத்தில் சன்னலைத் திறந்துபோட்டு உறங்குகிறவர்கள் யார் என்றால், ஏசி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள்தான். ஆகவே லாரிகளின் எண்ணிக்கை, அனுமதித்த எடை, இறுக்கிக் கட்டிய தார்ப்பாய், குவாரி வாசலிலேயே சக்கரத்தைக் கழுவி அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றைப் பேசாமல் நேரத்தை மட்டும் பேசுவது, பகல் தூசியை இரவுக்கு மாற்றி எழுதும் வேலையாகிவிடும்.

குப்பை எரிப்பதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. திறந்தவெளியில் குப்பையை எரிப்போருக்கு ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது. எரிகிற கிடங்கின் பக்கத்தில் நின்று தண்ணீர் அடிப்பவர் தூய்மைப் பணியாளர் என்பதையும், அவருக்குக் கொடுத்த துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது என்பதையும் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பணியில் இருந்த நாள்களில் நானும் முற்றத்துச் சருகோடு பால் கவர்களைச் சேர்த்துக் கொளுத்தியவள்தான். ஊருக்குச் சுகாதாரம் சொல்லிவிட்டு வீட்டில் அதைச் செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

இதையெல்லாம் எழுதினால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: அண்டி ஆபீசை மூடச் சொல்கிறீர்களா, குவாரித் தொழிலாளி எங்கே போவான்? மூடச் சொல்லவில்லை. என் அம்மாவும் அண்டி தல்லித்தான் (முந்திரி உடைத்துத்தான்) என்னைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பினார். கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கூலி ஒன்றுதான் பிடிமானம். ஒரு கிலோ பருப்புக்குக் கொல்லத்திலும் துபாயிலும் கிடைக்கிற விலையில், தொழிலாளியின் நெஞ்சுச் சளிக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மாசில்லாத காற்றும் நீரும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. கிலோக் கூலிக்காரிக்கு அந்த உரிமையில் விலக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.

எழுத்தில் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாகனங்கள் நெரியும் சவுத் சர்குலர் சாலைக்கு மிக அருகில் வசித்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். 2014இல் நடந்த முதல் விசாரணை, மூச்சுச் செயலிழப்பு என்று எழுதி முடித்தது. பள்ளி ஆசிரியையான அவளுடைய தாய் விடவில்லை. மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில் அந்த மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. பிரிட்டனில் ஒருவரின் இறப்புக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதல் முறை. ஏழு ஆண்டுகள் ஆயின, அதுவும் அங்கே.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடமும் சுகாதாரத் துறையிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியங்கள்தாம். அரசு மருத்துவமனைகளின் ஓ.பி. சீட்டில் என்ன தொழில், எந்த அடுப்பு என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய பையில், ஊதினால் மூச்சின் வேகத்தைக் காட்டும் சின்னக் குழாய்க் கருவி ஒன்றையும் வைத்துவிட்டால், அண்டி ஆபீஸ் உள்ள ஊராட்சிகளிலும் குவாரி உள்ள ஊராட்சிகளிலும் யாருக்கு மூச்சு குறைந்துகொண்டே போகிறது என்பது ஓர் ஆண்டுக்குள் பதிவேட்டில் தெரிந்துவிடும். மருந்து கொடுக்க அதன் பிறகு ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்பதை அறிவேன். தெரியாமலே இருப்பதற்கு அது காரணமாக முடியாது. காற்றை அளக்கும் கருவிகளையும், மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல், வறுக்கும் கூடத்தை ஒட்டிய தெருவிலும் லாரிச் சாலையோரப் பள்ளியிலும் வைத்து, சராசரியோடு கூடவே நாளின் மிக மோசமான மணி நேரத்தின் அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். அந்த எண்களைக் கிராம சபையில் வாசிக்கலாம். நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினக் கிராம சபை நடக்கிறது. 1956இல் இந்த மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுதான் என்பதால் எப்படியும் ஊர் கூடும்.

கருவி வைக்க இடம் கிடைக்கவில்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல வேண்டிய தேவை வராமல் இருக்க, லாரிகள் ஓடும் சாலையோரத்திலுள்ள என் வீட்டு மொட்டை மாடியைத் தருகிறேன். மூன்று பக்கமும் மறைப்பில்லை, மின் இணைப்பு இருக்கிறது, மின்கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நானே கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)